அடியில் கிடந்த மோர்ப்பானை

"முதலில் அங்கமுத்து பெயரைச் சொல்லிடறேன் தாயி. மற்றதெல்லாம் அப்புறம்" என்றார் செவத்தையா.

குழந்தைநாச்சி நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அங்கமுத்து யாரு அண்ணாச்சி?"

"என் பெண்டாட்டிக்கு அண்ணன்."

"அப்போ பெரிய பகைதான்" என்று சொல்லி ஒரு பருப்பை வாயில் போட்டுக்கொண்டார்.

செவத்தையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்திரண்டு வயதில், மூன்று கல் தொலைவு வெயிலில் நடந்து இந்த ஆற்றங்கரை மடத்துக்கு வந்து, தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்த ஒரு பெண் துறவியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கிறதற்கா வந்தார்?

அவர் மாட்டு வண்டிக்காரர். நாற்பது வருடம் பாரம் ஏற்றி இறக்கின உடம்பு. படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. ஆனால் குரல் மட்டும் வெண்கலம். வண்டி ஓட்டிக்கொண்டே பாடினால் அடுத்த வண்டிக்காரன் சாட்டையை மறந்துவிடுவான்.

அந்தக் குரலால்தான் வினை வந்தது.

அவர் ஊரில் சித்திரை மாதம் பத்து நாள் காலையில் ஏழு கோட்டைக் காவியம் பாடுவார்கள். ஆளுக்கு ஒரு பாட்டு. அதில் ஒன்பதாம் நாள் பாடுவது வரவுப் பாட்டு. பன்னிரண்டு வருடம் எதிரியின் சிறையில் கிடந்த இளவரசன் திரும்பி வருகிற இடம்.

அந்தப் பாட்டுக்கு ஒரு சோதனை உண்டு. பாடுகிறவர் கோயில் மைதானத்தில் மேற்கே நிற்பார். கூட்டம் அவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். கிழக்கு வாசல் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இளவரசன் கறுப்புக் குதிரைமேல் கிழக்கு வாசல் வழியாக வருவதாகக் காவியம் சொல்கிறது. பாட்டு சரியாக விழுந்தால் கூட்டம் தன்னை அறியாமல் தலையைத் திருப்பி வாசலைப் பார்க்கும். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரியும். காலை வெயில் வேறு நேராகக் கண்ணில் குத்தும். அப்படியும் திரும்ப வேண்டும்.

திரும்பினால் பாடினவரைத் தோளில் தூக்கிக் கோயிலைச் சுற்றுவார்கள்.

இரண்டு வருடம் தொடர்ந்து ஒரு தலையும் திரும்பாவிட்டால் பாட்டு வேறு ஆளுக்குப் போய்விடும்.

"பாடிக்கிட்டிருந்த பெரியவர் போய்ச் சேர்ந்ததும் ஊர் கூடி எனக்குக் கொடுத்தது தாயி. அங்கமுத்து தனக்கு வரும்னு நினைச்சிருந்தான். அவன் படிச்சவன். காவியம் எழுதின நோட்டு அவன்கிட்டதான் இருக்கு. சரி மாப்ளே, நானே சொல்லித் தர்றேன்னான். வரி வரியாச் சொல்லித் தந்தான்."

"நல்ல மனசு."

"கேளுங்க. போன வருஷம் பாடினேன். ஒருத்தன் திரும்பலை. அங்கமுத்து எழுந்து நின்னு ஊருக்கே கேக்கிற மாதிரி சொன்னான். 'வாசல்ல ஒரு ஆடு நிக்குது, அதுகூட இந்தப் பக்கம் திரும்பலை'ன்னு. குழந்தை குட்டியெல்லாம் சிரிச்சுது. என் பெண்டாட்டியும் சிரிச்சா."

"ஆடு நின்னுச்சா?"

"நின்னுச்சு. அதுவா பேச்சு?"

குழந்தைநாச்சி கடலைத் தொலியை ஊதிவிட்டார்.

"இந்த வருஷமும் யாரும் திரும்பலேன்னா பாட்டு அங்கமுத்துவுக்குப் போயிடும் தாயி. அவன் எதிர்ல நான் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அந்தப் பாட்டுல என்ன இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க."

"பாடுங்க."

செவத்தையா தொண்டையைச் சரிசெய்துகொண்டு பாடினார்.

"ஈராறு ஆண்டு
இருட்டறை கிடந்த நம் கோமகன்
கரும்பரி மேலே
கீழை வாசல் வழியே
வந்தான்."

குழந்தைநாச்சி கொட்டாவி விட்டார். கையை வைத்துக்கூட மறைக்கவில்லை.

"குரல் நல்லா இருக்கு" என்றார்.

"அதை அங்கமுத்துவும் சொல்வான்."

"இந்தப் பாட்டை நீங்க வருஷா வருஷம் கேட்டிருப்பீங்களே?"

"எங்க கேக்க? அந்த நேரத்துக்கு நான் கோயில் மதிலுக்கு வெளியே அன்னதானத்து மூட்டையை இறக்கிக்கிட்டிருப்பேன். பாட்டு காதில் விழாது. கூச்சல்தான் விழும். உள்ளே என்னமோ பெருசா நடக்குதுன்னு மட்டும் தெரியும்."

அவர் முகத்தைக் குழந்தைநாச்சி அப்போதுதான் சரியாகப் பார்த்தார்.

"பங்குனி முடியற வரைக்கும் இங்கே வண்டி ஓட்டுங்க" என்றார்.

"பாட்டு?"

"வண்டி."

*

பங்குனியில் மலைக்கோயிலுக்கு ஆட்கள் நடந்து போவார்கள். மடத்திலிருந்து அவர்களுக்கு ஒரு வண்டி போகும். மூன்று இடத்தில் நிற்கும். கல்பாலத்தில் மோர். புளியந்தோப்பில் சோறு. மலையடிவாரத்தில் படுக்கப் பாய்.

முதல் நாள் செவத்தையாவே ஏற்றினார். பாயை உள்ளே தள்ளினார். நடுவில் சோற்றுக் குண்டான். மோர்ப்பானையைக் கடைசியாக வண்டியின் விளிம்பில் வைத்துக் கயிறு போட்டார்.

யோசிக்கவில்லை. கை தானாகச் செய்தது.

குழந்தைநாச்சி பக்கத்தில் நின்று பார்த்தார்.

மறுநாள் விடிந்து செவத்தையா மாட்டைப் பிடித்து வந்தபோது வண்டி ஏற்றி முடிந்திருந்தது. குழந்தைநாச்சி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வேர்த்து நின்றார்.

மோர்ப்பானை அடியில் இருந்தது. அதன்மேல் பலகை. பலகைமேல் சோற்றுக் குண்டான்கள். விளிம்பில் பாய்க்கட்டு.

"தாயி! யாரு ஏத்தினது இதை?"

"நான்தான். அழகா இருக்குல்ல? கனமானது கீழே, லேசானது மேலே."

"முதல்ல இறக்க வேண்டியதை உள்ளே வச்சிருக்கீங்களே!"

"எப்படி வச்சா என்ன? மோர் மோர்தான். எங்கேயும் போயிடாது. வண்டியை விடுங்க."

"கேக்கிறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"விடுங்க அண்ணாச்சி. நேரமாகுது."

செவத்தையா முனகிக்கொண்டே போனார்.

கல்பாலத்தில் எழுபது பேர் காத்திருந்தார்கள். வண்டியைக் கண்டதும் எழுந்து கையை நீட்டினார்கள். செவத்தையா பாய்க்கட்டை இறக்கினார்.

"பாய் எதுக்கு? நாங்க என்ன தூங்கவா வந்தோம்?" என்றார் ஒருவர்.

"இருங்கய்யா, வருது."

சோற்றுக் குண்டான்களை இறக்கினார். ஒன்று, இரண்டு, மூன்று.

"இப்பதானே விடிஞ்சிருக்கு, சோறு வேண்டாமே" என்றாள் ஒரு கிழவி.

"வருது பாட்டி, வருது!"

பலகையைத் தூக்கிப் பானையை வெளியே எடுத்தபோது பாதிப் பேர் வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் குடித்துவிட்டிருந்தார்கள். மீதிப் பேர் குவளையை வாங்கிக் குடித்தார்கள். ஒருவர் முகமும் மலரவில்லை.

அதே மோர். முந்தின நாள் இதே பாலத்தில், முதல் குவளை கைக்குப் போனதும் ஒரு பெரியவர் "அப்பாடா!" என்று கத்தியிருந்தார். அந்தக் கத்தலில் வரிசையே சிரித்தது.

இன்றைக்கு அந்த "அப்பாடா" இல்லை.

*

செவத்தையா திரும்பி வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மாட்டை அவிழ்க்காமல் நேராக வந்து நின்றார்.

"தாயி, நீங்க பெரிய ஞானியா இருக்கலாம். வண்டி ஏத்தத் தெரியாது உங்களுக்கு!"

"அப்படியா?"

"தொண்டை காய்ஞ்சு நிக்கிறவன்கிட்ட பாயைக் காட்டி, சோத்தைக் காட்டி, பலகையைக் காட்டி, கடைசியில மோரைக் கொடுத்தா அது மோரா? அவன் மனசு அதுக்குள்ள வாய்க்காலுக்குப் போயிடுச்சே! வண்டியைத் திறந்ததும் முதல்ல அதுல்ல கையில விழணும்?"

"எது?"

"அவன் எதுக்குக் காத்திருக்கானோ அது!"

குழந்தைநாச்சி தலையை ஆட்டினார்.

"சரி. பாடுங்க."

"என்னது?"

"வரவுப் பாட்டு."

கோபம் தணியாமலே செவத்தையா வாயைத் திறந்தார்.

"ஈராறு ஆண்டு…"

நின்றுவிட்டார்.

மறுபடியும் தொடங்கினார். "ஈராறு ஆண்டு இருட்டறை…"

நின்றார்.

மாடு தலையை ஆட்டியது. மணி ஒலித்தது.

செவத்தையா வண்டியைப் பார்த்தார். காலி வண்டி. அதையே வெகுநேரம் பார்த்தார். அவர் உதடுகள் எதையோ தூக்கி எதையோ இறக்கின.

பிறகு ஆறு அதிரும்படி ஒரு குரல் வந்தது.

"வந்தான்!
கீழை வாசல் வழியே,
கரும்பரி மேலே,
ஈராறு ஆண்டு
இருட்டறை கிடந்த
நம் கோமகன்!"

அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி கல்லை விட்டு நிமிர்ந்து பாதையைப் பார்த்தாள்.

குழந்தைநாச்சி உள்ளே போய் ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து விரித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"படிங்க."

"ரெண்டாம் வகுப்பு தாயி நான்."

"நாலு எழுத்துதான்."

செவத்தையா குனிந்தார். "வ… ந்… தா…" அவர் விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. "ன்."

பாட்டின் முதல் சொல்.

அவர் சிரித்தார். தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அறுபத்திரண்டு வயதில் தானே இறக்கி வைத்த சொல் நோட்டிலும் அதே இடத்தில் இருக்கிறது! எழுதிய புலவன் என்றைக்கோ மண்ணாகிவிட்டான். இருந்தாலும் அவனும் வண்டி ஏற்றத் தெரிந்தவன்தான்.

சிரித்துக்கொண்டே இருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"அங்கமுத்துகிட்ட இருக்கிற நோட்டு?"

"உங்க ஊர்க்காரர் ஒருத்தர் இதைப் பார்த்து எழுதினது. அவர் அப்பாவாத்தான் இருக்கணும். இங்கேயே உட்கார்ந்து எழுதினாராம். ஒரு எழுத்து பிசகாது."

"அதிலயும் 'வந்தான்'தான் முதல்லயா?"

"முதல்லதான்."

"அப்போ எனக்கு மாத்திச் சொல்லித் தந்தது…"

குழந்தைநாச்சி ஒரு கடலையை எடுத்து உடைத்தார்.

"ஒரு சொல்லைக்கூடக் குறைக்கலையே பாவி" என்றார் செவத்தையா. "எல்லாத்தையும் கொடுத்துட்டுத்தான் ஏமாத்தியிருக்கான். அதான் ஊர்ல யாருக்கும் பிடிபடலை."

*

அடுத்த பத்து நாள் செவத்தையாவைப் பிடிக்க முடியவில்லை.

வீட்டுக்குப் போனபோது வாசலிலேயே, "வந்தேன்! தெற்குத் தெரு வழியே, பசியோடு, உன் புருஷன்!" என்று பாடினார்.

"தெரியுது. காலைக் கழுவிட்டு வாங்க" என்றாள் பேச்சிக்கனி.

எந்தப் பாட்டைக் கேட்டாலும் கடைசிச் சொல்லைப் பிடுங்கி முதலில் வைத்துப் பார்த்தார். ஒரு நாள் மடத்துக்கு ஓடிவந்தார்.

"தாயி, எட்டாம் நாள் பாட்டை எழுதினவன் தப்பா எழுதிட்டான். கேளுங்க."

எட்டாம் நாள் பாட்டில் இளவரசனின் தம்பி இறக்கிறான். நோட்டில் அது இப்படி இருந்தது.

"அன்னை முடிந்த கச்சையோடு,
தங்கை இட்ட திலகத்தோடு,
ஏழாம் கோட்டை ஏறச் சென்ற
இளையவன்
மண்ணில் சாய்ந்தான்."

"நான் மாத்திட்டேன்" என்று சொல்லிவிட்டு முழங்கினார் செவத்தையா. "சாய்ந்தான்! மண்ணில் சாய்ந்தான்! ஏழாம் கோட்டை ஏறச் சென்ற இளையவன்…"

குழந்தைநாச்சியின் கையிலிருந்த முறம் நின்றது.

"அண்ணாச்சி, நீங்க சாவு வீட்டுக்குப் பாரம் கொண்டுபோயிருக்கீங்களா?"

செவத்தையாவின் குரல் இறங்கியது. "ஒரே ஒரு தடவை."

"சொல்லுங்க."

"கூட வண்டி ஓட்டினவன். சந்தையில வெயில்ல சுருண்டு விழுந்துட்டான். அவனை முன் வண்டியில கொண்டுபோனாங்க. அவன் வண்டியை நான் ஓட்டிக்கிட்டுப் பின்னால போனேன். வீட்டுக்கு வாங்கின சாமான் இருந்துச்சு. அரிசி, மிளகாய், பொண்ணுக்கு ஒரு பாவாடைத் துணி. அப்புறம்… அவன் செருப்பு."

"செருப்பை எங்கே வச்சீங்க?"

"அடியில. வைக்கோலுக்குக் கீழே."

"ஏன்?"

"வாசல்ல வண்டி நின்னதும் அந்தப் பொண்ணு கண்ணுல அதுவா படணும் தாயி? அரிசியை இறக்கினேன். மிளகாயை இறக்கினேன். பாவாடைத் துணியை அவ கையில கொடுத்தேன். தடவிப் பார்த்தா. எல்லாத்துக்கும் அப்புறம்தான்…"

செவத்தையா தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

குழந்தைநாச்சி முறத்தைத் தூக்கி மறுபடியும் புடைத்தார்.

செவத்தையா எட்டாம் நாள் பாட்டைத் தானாகவே பாடினார். கச்சையை இறக்கினார். திலகத்தை இறக்கினார். மெதுவாக, ஒவ்வொன்றாக. நோட்டில் இருந்தபடியே.

பாடி முடித்தபோது முறத்தில் அரிசி அசையாமல் இருந்தது.

"எழுதினவன் சரியாத்தான் எழுதியிருக்கான்" என்றார் செவத்தையா.

"வீட்டுக்குப் போங்க" என்றார் குழந்தைநாச்சி. "சித்திரை பிறக்கப் போகுது."

*

ஒன்பதாம் நாள் காலை மைதானம் நிறைந்திருந்தது. முதுகில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அங்கமுத்து முதல் வரிசையில் வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம் சத்தமாகவே சொன்னார்: "நான் திரும்பமாட்டேன்யா. பந்தயம். வேணும்னா கழுத்துல துண்டைச் சுத்திக்கிறேன்." சொன்னபடியே துண்டை இறுக்கமாகச் சுற்றிக்கொண்டார்.

பேச்சிக்கனி பெண்கள் பக்கம் இருந்தாள். அண்ணனையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள்.

செவத்தையா மேற்கே வந்து நின்றார். கண்ணை மூடினார். பன்னிரண்டு வருடம் கோட்டை மதிலில் நின்று பாதையைப் பார்க்கிற தாயை நினைத்தார். கல்பாலத்தில் நீண்ட கைகளை நினைத்தார்.

மத்தளம் நின்றது.

"வந்தான்!"

கூட்டம் ஒரே உடம்பாக அசைந்தது. யார் வந்தது, எதில் வந்தது, எங்கிருந்து வந்தது, ஒன்றும் இன்னும் சொல்லவில்லை. வந்துவிட்டான். அவ்வளவுதான்.

"கீழை வாசல் வழியே…"

அறுநூறு தலைகள் திரும்பின.

வெயில் கண்ணில் குத்தியது. கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தார்கள்.

"கரும்பரி மேலே…"

கிழக்கு வாசலில், கொதிக்கிற வெளிச்சத்துக்கு நடுவில், கறுப்பாக ஒன்று வந்துகொண்டிருந்தது!

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ "ஐயோ, வந்துட்டான்யா!" என்று அலறினார்கள். ஒரு முதியவர் எழுந்து தலைக்குமேல் கை கூப்பினார். முதல் வரிசையில் ஒருவர் கழுத்துத் துண்டைப் பிய்த்து எறிந்துவிட்டு, எம்பி எம்பிக் குதித்து, முன்னால் நின்றவர்களின் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வாசலைப் பார்த்தார்.

அது அங்கமுத்து.

வெளிச்சத்தைத் தாண்டி நிழலுக்கு வந்தது கரும்பரி. மடத்துக் கறுப்புக் காளை. பின்னால் வண்டி. வண்டியை ஓட்டி வந்தது குழந்தைநாச்சி. விளிம்பில் மோர்ப்பானை.

"தாமதமாயிடுச்சா?" என்று கேட்டார்.

மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சிரித்துக்கொண்டே ஓடிவந்து செவத்தையாவைத் தூக்கியது. கோயிலை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். போதாதென்று இன்னொரு சுற்று. மதிலுக்கு வெளியே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் உள்ளே கேட்ட கூச்சலில் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அவர்களைத் தோள்மேல் இருந்தபடியே பார்த்தார் செவத்தையா. கையைக் காட்டி, "உள்ளே வாங்கடா!" என்று கத்தினார்.

*

கூட்டம் கலைந்த பிறகு செவத்தையா வண்டிப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் மோர் ஊற்றினார்.

வரிசையில் அங்கமுத்துவும் வந்தார். குவளையை நீட்டினார்.

"குரல் நல்லா இருந்துச்சு மாப்ளே."

செவத்தையா ஊற்றினார்.

"வெயிலும் இன்னைக்குக் கொஞ்சம் அதிகம்தான்."

"ஆமா மச்சான்."

"எங்க அப்பா இருந்திருந்தா ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்."

"ஆமா."

"என் தங்கச்சி அழுதுட்டா. பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

அங்கமுத்து மோரைக் குடித்தார். வாயைத் துடைத்தார். வானத்தைப் பார்த்தார், காளையைப் பார்த்தார், பானையைப் பார்த்தார்.

"மச்சான்" என்றார் செவத்தையா. "பாயெல்லாம் இறக்கிட்டீங்க. சோத்தையும் இறக்கிட்டீங்க. இன்னும் ஒரு சொல் அடியில கிடக்கு. போன வருஷத்துலேருந்து நான் குவளையோட நிக்கிறேன்."

அங்கமுத்துவின் முகம் சிவந்தது.

வண்டியின் மேலிருந்து குழந்தைநாச்சி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மோர் ஊத்துங்க மாப்ளே" என்றார் அங்கமுத்து.

செவத்தையா குவளை வழியும்வரை ஊற்றினார். பின்னால் வரிசை நின்றது. அவர் அங்கமுத்துவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.